கீழ்க் கோர்ட்டும் ஒரு தார்ப்பாயும்

ஓர் அதிமுக்கிய அறிவிப்பு! சற்றுமுன் இருமுறை இருமி மயங்கிக் கிடந்த இந்த மைக், மூன்றாவது தட்டில் உயிர் பெற்றுவிட்டது. மைக்கின் உற்றார் உறவினர் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளலாம்.

தலைமை ஏற்றுத் தலையாட்டிக்கொண்டிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே! வடக்கனந்தல் பெரியோர்களே! ஒரு கண்ணைப் பிள்ளை மீதும் மறு கண்ணைக் கடைசி பஸ் மீதும் வைத்திருக்கும் தாய்மார்களே! "கீழ்க் கோர்ட்டின் தண்டனை அதிகாரம்" பற்றிப் பேச, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் ஆகாஷ் நான். சட்டத்தைக் கரைத்துக் குடித்தவன். வக்கீல்களுக்குச் சந்தேகம் இருந்தால் வரிசையில் வரலாம்.

முன்வரிசையில் என்னை முறைத்துக்கொண்டிருப்பவர் என் அத்தை சின்னப்பொண்ணு. அவர் வீட்டுக்காரர், என் மாமா அம்மாசி. மழையில் கூரை ஒழுகியபோது, கூலிவேலை செய்த மக்காச்சோளக் களத்திலிருந்து ஒரு தார்ப்பாயைக் கேட்காமல் எடுத்துப் போனார். மழை விட்டதும் மடித்து, பழைய இடத்திலேயே வைக்கப் போனார். எடுக்கும்போது பார்க்காதவர்கள், வைக்கும்போது பிடித்துவிட்டார்கள்! திருட்டு வழக்கு. திங்கட்கிழமை தீர்ப்பு.

"புதுச் சட்டம் கீழ்க் கோர்ட்டுக்கு அதிகாரத்தைக் கூட்டியிருக்கு அத்த" என்று இன்று காலையில் சொன்னேன். அத்தை கேட்டார்: "கீழ்க் கோர்ட்டுன்னா மலைக்குக் கீழ கீற கோர்ட்டு தானே? அப்ப மேல் கோர்ட்டு நம்ம மலையில எங்கடா கீது?"

சிரிக்காதீங்க! அந்தக் கேள்வியிலேயே நான் கனவுக்குள் நடந்து போய்விட்டேன். மலைமேல் ஒரு கோர்ட்டு. மேகமே அதற்குச் சுவர், மூடுபனியே திரைச்சீலை. கூண்டுக்குக் கதவில்லை. டவாலி கூப்பிட்ட பெயர் பள்ளத்தில் விழுந்து, "அம்மாசி... மாசி... சி..." என்று மெதுவாக ஏறி வருகிறது. நீதிபதி குனிந்து கேட்கிறார்: "கூரை இன்னும் ஒழுகுதா?"

சிறை ஆண்டைக் கூட்டினால் கூரை ஓட்டை அடையுமா? அபராதம் ஏற்றினால் அடுப்பு எரியுமா? தண்டிக்கும் அதிகாரம் தந்தீர்களே, தணிக்கும் அதிகாரம் தந்தீர்களா? தந்திருக்கிறார்கள் தாய்மார்களே! சின்னக் குற்றத்துக்குச் சிறை வேண்டாம், சமுதாய சேவை போதும் என்று சொல்லவும் இப்போது வழி இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலைப் பெருக்கட்டும். பள்ளிக்கூடச் செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும். பொழுது சாய்ந்தால் வீடு திரும்பட்டும்!

என்ன அண்ணா, பின்னாலிருந்து? "சம்பளம் உண்டா"வா? இல்லைங்கண்ணா, அது தண்டனைங்க!

இதோ, அத்தையே எழுந்துவிட்டார். "டேய், மேகம் கீகம்லாம் அப்புறம். உங்க மாமாவுக்குச் சிறையா, சேவையா? அதச் சொல்லிட்டு எறங்கு!"

அத்த... சட்டத்தைக் கரைச்சது நிஜம். குடிக்கலை. சேவை சேதி பேப்பர்ல பார்த்தது; புத்தகத்தில் தலைப்பைத் தாண்டவே இல்லை. காலையிலிருந்து இதையே கேட்டுக்கினு இருந்தீங்க. பதில் தெரியாமத்தான் மேடையில ஏறி ஒளிஞ்சுக்கினேன்.

இந்தக் கூட்டத்தில் வக்கீல் யாராவது இருந்தால், என் பேச்சை மன்னிச்சு, எங்க அத்தை பக்கத்துல போய் உட்காருங்க. காது கொடுத்த எல்லாருக்கும் நன்றி. வணக்கமுங்க.