குறட்டை மட்டும் அவருட

கல்முனையிலிருந்து சம்மாந்துறை போகும் பஸ்ஸில், என் பின் சீட்டில் இரண்டு பெண்கள்.

“ராத்தா, நேத்துப் பயான்ல மௌலவி சொன்னாங்களே, படுக்கையில பொஞ்சாதிட ஆசையும் தீரணும், அது அவட ஹக்கு, அவட உரிமை எண்டு.”

“ஓம் புள்ள. நான் அதக் கேக்கிறதே பாவமெண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன்.”

“இண்டைக்கு மச்சானுக்கிட்டச் சொல்லுவீங்களா?”

“வெக்கமாத்தான் இரிக்கி. ஆனா வீடும் என்ட வாப்பா தந்தது, கட்டிலும் வாப்பா தந்தது. குறட்டை மட்டுந்தான் அவருட. சொல்லத்தான் போறன்.”

பெண் மனம் பற்றி அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கும் நான், திரும்பிப் பார்க்காமல் அந்த மச்சானை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

வீட்டில் மனைவி காத்திருந்தாள். அவளும் நேற்று அந்தப் பயானுக்குப் போனவள்.

“இருங்க, உங்களோட ஒண்டு கதைக்கணும்.”

கதிரையில் உட்கார்ந்தேன். அதுவும் மாமனார் தந்ததுதான்.