இழுத்துப் பார்த்த கதவு

நாற்காலி உயரமாக இருப்பது எனக்கு வசதி. இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவன் தாழ்வான இருக்கையில் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். உங்கள் ஆட்கள் தெரிந்து போட்டிருக்க மாட்டார்கள், கைக்குக் கிடைத்ததைப் போட்டிருப்பார்கள். பரவாயில்லை. இந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் இருந்தும் நான் படியில்தான் நின்று நின்று ஏறி வந்தேன். கீழ்த்தளத்து லிஃப்ட் கதவு சாத்தும்போது ஒரு கரகரப்பு இருக்கிறது. யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

நேற்று நீங்கள் என் வீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்துவிட்டு, போகிற போக்கில் "பழைய பூட்டு சார், தேஞ்சு போயிருக்கு" என்று சொன்னீர்கள். பராமரிப்புக் கம்பெனி மெக்கானிக்கை இங்கே ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பதாகவும் சொன்னீர்கள். ராத்திரி முழுக்க அந்த வார்த்தை உறுத்தியது. தேய்ந்து போன பூட்டு. அந்த லிஃப்டுக்கு நான்தான் கடைசியாகக் கையெழுத்துப் போட்டவன். லிஃப்ட் பெட்டிக்குள் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழில் இருப்பது என் கையெழுத்து. நான் பார்த்துச் சரி என்று சொன்ன பூட்டு அதற்குள் தேயாது. மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நல்லவன் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பூட்டை அந்த அளவுக்குப் பக்குவமாகத் தளர்த்த அவனுக்கு வராது.

நான் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன். என் வேலை கயிற்றைப் பார்ப்பது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். என் சர்வீஸில் கயிறு அறுந்து செத்த ஆளை நான் பார்த்ததே இல்லை. கதவால் செத்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் கட்டிடத்தில் இருப்பது பழைய மாதிரி லிஃப்ட், ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடியைப் பிடித்து இழுத்துத் திறக்கிற கதவு. பெட்டி வேறு மாடியில் நிற்கும்போது இந்த மாடிக் கதவு திறக்கக் கூடாது. அதைப் பிடித்து வைப்பதுதான் பூட்டு. பூட்டு பிடிக்கிறதா என்று தெரிய ஒரே வழி, பெட்டி இல்லாத நேரத்தில் கதவை இழுத்துப் பார்ப்பது. திறக்கக் கூடாத கதவுகளை இழுத்துப் பார்த்தே என் வாழ்க்கை போனது என்று என் மனைவி கேலி செய்வாள்.

அவளுக்கு நான் ஒரே ஒரு விஷயம்தான் சொல்லிக் கொடுத்தேன். எந்த லிஃப்ட் கதவு திறந்தாலும் முதலில் கீழே பார், தரை இருக்கிறதா என்று பார், பிறகு காலை வை. கல்யாணமான புதிதில் சொன்னது. எங்கே போனாலும் அப்படியே செய்வாள். லிஃப்டே இல்லாத எங்கள் மகள் வீட்டு வாசலில்கூட நின்று, குனிந்து பார்த்துவிட்டு, "தரை இருக்குங்க, வரலாம்" என்பாள். எனக்குச் சிரிப்பு வராது. ஆனால் பிடிக்கும்.

ஓய்வும் ஆபரேஷனும் ஒன்றாக வந்தன. ஆபீஸில் சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள், ஊர் ஊராகச் சுற்றுங்கள் என்று. மறுவாரம் இடுப்பைப் பிளந்துகொள்ளப் போகிறவனுக்கு. யோசித்துக் கொடுத்தவர்கள் யாரும் அந்த ஆபீஸில் இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்து படுத்ததும் உபதேசம் ஆரம்பித்தது. டாக்டர் தையலைப் பார்த்துவிட்டு, "மனச பிஸியா வெச்சுக்குங்க, வலி தெரியாது" என்றார். அவர் வாங்கிய பணத்துக்கு இன்னும் கொஞ்சம் நல்ல யோசனை சொல்லியிருக்கலாம். மகள் போனில் தினமும் அதையே சொன்னாள். அதோடு விடாமல் பெரியவர்கள் வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றையும் பென்சில் டப்பாவையும் அனுப்பி வைத்தாள். ஒரு மீனுக்கு நீலம் அடித்துப் பார்த்தேன். உலகத்தில் எதுவும் மாறவில்லை.

இவர்களையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், அவரவர் வீட்டில் இருந்தார்கள். உற்சாகம் எதிர்வீட்டில் இருந்தார்.

அவருக்கு நான் வைத்த பெயர் அது. இன்சூரன்ஸ் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. கீழ்த்தளத்துப் பொது அறையில் ஓய்வு பெற்றவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் நடத்துகிறார். எந்நேரமும் வாயெல்லாம் பல். காலையில் நம் வீட்டுக் கதவைத் தட்டும்போதே பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வருகிற மனிதர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எனக்காக ஆயிரம் துண்டுப் படப் புதிர் கொண்டு வந்தார். பிறகு ஒரு மவுத் ஆர்கன். பிறகு ஒரு தட்டில் ஏதோ நாற்று, தினமும் அதோடு பேச வேண்டுமாம். "சும்மா இருந்தா துருப்பிடிச்சுப் போயிடுவீங்க சார்" என்றார். துருவைப் பற்றி எனக்கே பாடம்.

அவர் சங்கத்துக்கு ஒரு சுவரொட்டி அடித்திருந்தார். 'ஓய்வு என்பது ஓய்வதற்கல்ல' என்று கொட்டை எழுத்தில். அதை எங்கள் மாடி லிஃப்ட் கதவில் ஒட்டினார், சரியாகக் கண்ணாடியின் மேல். அந்தக் கண்ணாடி எதற்கு இருக்கிறது தெரியுமா? பெட்டி வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. வாக்கரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பொறுமையாகச் சொன்னேன். "கண்ணாடிய மறைக்காதீங்க. உள்ள பெட்டி இருக்கா இல்லையான்னு தெரியாது."

அவர் என் தோளைத் தட்டிவிட்டு என் மனைவியைப் பார்த்தார். "பாத்தீங்களாம்மா, சார் இன்னும் டியூட்டியிலதான் இருக்கார்."

அவள் சிரித்தாள். கேலியாகத் தெரியவில்லை, சும்மா சிரிப்பு வந்து சிரித்தாள். ஆனால் அந்தக் கண்ணாடி விஷயம் தெரிந்தவள் அவள். சுவரொட்டி அங்கேயே இருந்தது.

அவர் லிஃப்டுக்குக் காத்திருக்கும் முறை ஒன்று உண்டு. பொத்தானை அமுக்கிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பார், பேசிக்கொண்டே இழுப்பார். பெட்டி வந்ததும் பூட்டு விடும், கதவு திறக்கும். கதவு திறந்தால் பெட்டி வந்துவிட்டது, அவ்வளவுதான் அவர் அறிவு. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். பூட்டு என்று ஒன்று இருப்பதும், அதை யாரோ ஒருவன் இழுத்துப் பார்த்து வைத்திருப்பதும் அவர்கள் புத்திக்கு எட்டாது.

என் மனைவி சங்கத்தில் சேர்ந்தாள். "உங்களுக்கும் சேத்துத்தான் கேட்டேன், வர்றீங்களா?" என்றாள். நான் வரவில்லை என்றேன். முதலில் படம் வரைய, பிறகு பாட, பிறகு ஏதோ நாடகம் என்று காலையிலேயே கிளம்பிவிடுவாள். நாங்கள் காலைக் காபியை எப்போதும் ஒன்றாகத்தான் குடிப்போம், நான் எந்த ஊருக்கு இன்ஸ்பெக்‌ஷன் போவதாக இருந்தாலும். இப்போது என் பங்கு ஃப்ளாஸ்கில் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஆறிடப் போகுது, குடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். ஃப்ளாஸ்கில் இருப்பது எப்படி ஆறும்? யோசிக்காமல் சொல்கிற வார்த்தை. அப்புறம் வெளியே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்கும், லிஃப்ட் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும், அதன்பின் வீடு கம்மென்று இருக்கும்.

பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். அந்த மனிதரைப் பார்த்துப் பொறாமைப்பட எதுவும் இல்லை.

பிசியோதெரபி செய்ய வரும் பெண் என்னைத் தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னாள். வீட்டு வாசலிலிருந்து லிஃப்ட் வரை, திரும்பவும் வாசல் வரை. ஒவ்வொரு முறை போய்த் திரும்பும்போதும் கை தானாகக் கதவை இழுத்துப் பார்த்தது. பூட்டு பிடித்திருந்தது. மறுமுறையும் பிடித்திருந்தது. அந்தப் பெண், "பழக்கம் விடலையா சார்?" என்று பரிதாபமாகக் கேட்டாள். அவள் கேட்ட பிறகுதான் எனக்கும் உறைத்தது. எப்போதும் பிடிக்கிற பூட்டை இழுத்துப் பார்ப்பவனை யாரும் மதிக்க மாட்டார்கள். ஒரு நாள் பிடிக்காமல் போனால்தான் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று தெரியும்.

வேலையில் இருந்தபோது வைத்திருந்த லிஃப்ட் பூட்டுச் சாவியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. சொன்னேனே, யோசிக்கிறவர்கள் அங்கே இல்லை. எங்கள் மாடியில் எங்கள் வீடு, அவர் வீடு, பூட்டிக் கிடக்கிற ஒரு வீடு, அவ்வளவுதான். வேறு யாருக்கும் ஆபத்து வராது என்று உறுதி செய்துகொண்ட பிறகே தொடங்கினேன். அஜாக்கிரதையாக நான் எதையும் செய்ததில்லை. என் மனைவி கீழே ஒத்திகையில் இருந்த நேரங்களில், சமையலறை உயர ஸ்டூலைத் தாழ்வாரத்தில் போட்டு உட்கார்ந்து வேலை பார்த்தேன். பூட்டைத் தளர்த்துவேன், கதவை இழுத்துப் பார்ப்பேன், அவர்கள் ஏறி வருவதற்குள் பழையபடி முடுக்கிவிடுவேன். திறக்க வேண்டும், ஆனால் தளர்ந்திருப்பது கைக்குத் தெரியக் கூடாது. அந்தப் பதம் வரச் சில நாள் ஆனது.

அந்த நாட்கள் நன்றாகவே போயின என்று சொல்ல வேண்டும். வலி மாத்திரை போட மறந்துபோனேன். காலையில் எழும்போதே கை அரித்தது. பிசியோதெரபிப் பெண் என் நடையைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். "நல்ல முன்னேற்றம் சார். என்ன பண்றீங்க?"

"சின்னதா ஒரு ரிப்பேர் வேலை."

"அதேதான் வேணும். விட்டுடாதீங்க" என்றாள்.

டாக்டர் சொன்னது உண்மைதான், அதை ஒப்புக்கொள்கிறேன். என்னவோ ஒரு வேலை இருந்தால் போதும்.

அன்று காலை ஃப்ளாஸ்கை வைத்துவிட்டு அவள் உடை மாற்றிக்கொண்டிருந்தாள். நாடகத்துக்காக ஒரு மஞ்சள் துப்பட்டா வாங்கியிருந்தாள். நான் நடக்கப் போகிறேன் என்று வெளியே போய், பெட்டி கீழே நிற்பதைச் சத்தத்தில் தெரிந்துகொண்டு, வேலையை முடித்துவிட்டு வாசலுக்கு வந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைக் கடந்து போகும்போது, "நல்லா நடக்கறீங்க இப்ப" என்றாள். உற்சாகம் தன் வீட்டிலிருந்து வந்தார். நாடகத்தில் அவர் ராஜா போலிருக்கிறது, தலையில் அட்டைக் கிரீடம். பொத்தானை அமுக்கினார். பேசிக்கொண்டே கைப்பிடியை இழுத்தார். கதவு திறந்தது.

நீங்கள் இப்போது கேட்கப் போவது எனக்குத் தெரியும். அவருக்காகத்தான் வைத்தேன் என்று எழுதிக்கொள்ளலாம், முதலில் நானும் எனக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் நான் அவர்களைத் தினமும் அந்த வாசலிலிருந்து பார்த்தவன். அவர் ஒரு நாளும் முதலில் நுழைந்ததில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, இடுப்பை வளைத்து, "நீங்க முதல்ல" என்பார். தினமும் அதே கோமாளித்தனம். யார் முதலில் காலை வைப்பார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அன்றும் வளைந்தார். கிரீடம் கழன்று விழப் போனது. அதைப் பார்த்து அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, அவர் பக்கம் திரும்பிய முகத்தோடு, காலை எடுத்து வைத்தாள்.

கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். நேரம் இருந்தது, உண்மை. ஆனால் சோதனை நடக்கும்போது சோதிக்கிறவன் வாய் திறக்கக் கூடாது, அப்புறம் அது சோதனை இல்லை. அவள் நிற்பாள், குனிந்து பார்ப்பாள், தரை இல்லை என்று கண்டுகொள்வாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று அவளுக்கு அப்போது ஞாபகம் வரும். அந்த ஆளை விட்டுவிட்டு, திரும்பி, வாசலில் நிற்கிற என்னைப் பார்ப்பாள். நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். அதைவிட அதிகமாக நான் எதற்கும் ஆசைப்படவில்லை.

உற்சாகம் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னீர்கள், அதிர்ச்சியில் பேச்சு வரவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்று. அவரும் சும்மா இருக்கக் கற்றுக்கொள்ளட்டும்.

மகள் வந்திருக்கிறாள். வீட்டில் அழுதுகொண்டிருக்கிறாள், இது இன்னும் அவளுக்குத் தெரியாது. நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் அந்த அழுகையை உட்கார்ந்து கேட்க முடியாது. மற்றபடி நீங்கள் எழுதியதைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பூட்டில் குறையில்லை என்பதை மட்டும் தெளிவாகப் போடுங்கள். கதவு திறந்தால் கீழே பார் என்று இத்தனை வருஷம் சொன்னேன். ஒரு முறை குனிந்து பார்த்திருந்தால் போதும், இந்நேரம் நானும் அவளும் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்போம்.