ஏழு வரி இடம்

அண்ணியின் மடிக்கணினித் திரை சின்னது. நிரல் எழுதும் மென்பொருளைத் திறந்தால் இடது பக்கம் கோப்புகளின் பட்டியல், வலது பக்கம் எறும்பு ஊர்ந்தது போல முழு நிரலின் குட்டிப் படம், கீழே செய்திப் பெட்டி. எல்லாம் போக, எழுதுவதற்கு நடுவில் ஏழு வரி இடம்தான் மிஞ்சும்.

"பஸ்ல ஒத்தக் கால்ல நிக்கிற மாதிரி இருக்கு" என்பாள்.

அந்தக் கஷ்டம் எனக்கு நன்றாகப் புரியும். அவள் உட்கார்ந்து வேலை பார்த்த அறை என்னுடையது. வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் அண்ணன் என் கட்டிலைச் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் நடைக்கு மாற்றினான். "நீ சும்மாதானே இருக்க, கோட்டான். அவளுக்குக் கதவு சாத்துற ரூம் வேணும்ல?" நான் அதிகம் பேசாததால் எனக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். செல்லமாகக் கோட்டான். நடையில் கட்டிலைப் போட்டபின் எல்லோரும் ஒருக்களித்துத்தான் போய்வர வேண்டியிருந்தது. நான் குறை சொல்லவில்லை.

இரண்டு வருடம் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று துணி மடித்தேன். கண் சும்மா இருக்குமா? அவள் தூக்கிப் போட்ட பழைய பாடப் புத்தகத்தை அகராதியோடு வைத்துக்கொண்டு நடையில் படித்தேன். ஒன்பதாவதோடு நின்றவள் இதெல்லாம் படிப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு நாள் மேசை துடைக்கும்போது மூன்று விசைகளை அழுத்தி, பட்டியல், படம், பெட்டி மூன்றையும் மறைத்தேன். ஏழு வரி முப்பது வரியானது.

"என்னடி பண்ணின?"

"துடைக்கும்போது கை பட்டுடுச்சு அண்ணி."

"குருட்டுப் பூனை விட்டத்துல பாஞ்ச கதையால்ல இருக்கு! நல்லாத்தான் இருக்கு, அப்படியே இருக்கட்டும்."

மறைந்துபோன அந்தச் செய்திப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தவறு என்றால் அதில் சிவப்பாக வரும். வேலை அதற்குமேல் நகராது. எச்சரிக்கை மஞ்சளாக வரும். மஞ்சள் யாரையும் தடுக்காது. ஒரு முறை சொல்லிப் பார்க்கும், கேட்காவிட்டால் பேசாமல் இருந்துவிடும். எங்கள் வீட்டில் நான் இருந்தது போல.

அண்ணி எழுதியது குழந்தைகள் மருத்துவமனைக்கான நிரல். குழந்தையின் எடையைப் பார்த்து, குழாய் வழியே மருந்து எவ்வளவு இறங்க வேண்டும் என்று அது கணக்கிடும். வேலையை அனுப்புமுன் பெட்டியைத் திறந்து மஞ்சள் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம். ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்குள் அனுப்ப வேண்டியிருந்தது. அவள் குளியலறையில் மகளுக்குத் தலை தேய்த்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் நுரை.

"கோட்டான், அன்னிக்குக் கை பட்டுச்சே, அந்தக் கீயை அமுக்கிக் கீழ்ப் பெட்டியைத் திற. மஞ்சள் இருக்கான்னு பாரு."

"என்ன எழுதியிருக்குன்னு படிக்கணுமா அண்ணி?"

"நீ படிச்சுக் கிழிச்சது போதும். கலரை மட்டும் சொல்லு."

திறந்தேன். ஒரே ஒரு மஞ்சள் வரி இருந்தது. புதிதாகச் சேர்த்த எடைக் கருவி எடையைப் பவுண்டில் அனுப்புகிறது, நிரல் அதைக் கிலோ என்று எடுத்துக்கொள்கிறது என்றது. ஒரு கிலோவுக்கு இரண்டு பவுண்டுக்கும் சற்று அதிகம். அப்படியானால் மருந்தும் இரண்டு மடங்குக்குமேல் இறங்கும். அந்தக் கணக்குக்கு ஒன்பதாவதே அதிகம்.

பெட்டியை மூடினேன். "சுத்தமா இருக்கு அண்ணி."

"அப்போ அந்தப் பச்சைப் பொத்தானை அமுக்கிடு."

அமுக்கினேன்.

அவளுடைய மேலாளர் கண்டுபிடிப்பார், வேலையை விட்டு அனுப்புவார், மேசை போகும், என் கட்டில் அறைக்குத் திரும்பும் என்று நினைத்தேன். நான் வேண்டியது அவ்வளவுதான். மேலாளர், மாற்றியது இரண்டு வரிதானே என்று பார்க்காமலே விட்டுவிட்டார். நான்கு நாள் காத்திருந்தேன். நான்கு நாளும் அண்ணி எனக்கு எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் எதுவும் கேட்கவில்லையே. ஐந்தாம் நாள் அந்த மருத்துவமனையில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று இறந்தது.

நீங்கள் முதல் முறை விசாரிக்க வந்தபோது, மஞ்சள் இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னதாக அண்ணி உங்களிடம் சொன்னாள். அண்ணன் குறுக்கே விழுந்து, "அவளுக்கு என்ன சார் தெரியும், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவ" என்றான். நீங்களும் என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையை ஆட்டினீர்கள். "இவளைப் போய்ப் பாக்கச் சொன்னேனே, என் தப்புதான் சார்" என்று அண்ணி எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டாள். வேலை போனது. மேசையைக் கழற்றி எடுத்தார்கள். கட்டிலை ஜன்னல் ஓரமாகப் போட்டுக்கொண்டேன்.

நேற்று அண்ணி அறை வாசலில் வந்து நின்றாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னிக்கு மஞ்சள் இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணி" என்றேன்.

அவள் போய் உங்களுக்குச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவேன், ஐயா. பொய் சொல்லும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.