முதுகில் பச்சை

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஓர் ஆள். கெண்டைக்காலில் கட்டு, மடியில் பிஸ்கட் பாக்கெட். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெரிந்த அம்மாவிடம் விசாரித்தார்.

"அக்கா, உங்க தெருவுல என்னைக் கடிச்ச நாய் சௌக்கியமா கீதா? அதுக்குத்தான் பிஸ்கட் வாங்கிகினு வந்தேன்."

"நல்லா கீது. தெனம் எங்கூட்டு வாசல்லதான் சோறு துன்னுது. நீ சொன்னதுலேர்ந்து அத்த பாத்துகினேதான் கீறேன்."

"இன்னியோட ஆறு நாளு. பத்து நாளு அது நல்லா இருந்தா பயமில்லன்னாங்க. அதான் மொத ஊசியோட நிறுத்திட்டேன்."

"டாக்டரா சொன்னாரு?"

"இல்லக்கா, டீக்கடைல பேசிகினாங்க."

"அதுக்கு ஒன்னும் வராது. முதுகுல பச்ச பெயிண்ட் கீதே. நீ கடி வாங்கறதுக்கு மொத நாளு நாய்ங்களுக்கு ஊசி போடற வண்டி வந்துச்சுல்ல, போட்டதுக்கு அடையாளமா தடவிட்டுப் போனாங்க."

அவர் குனிந்து காலில் இருந்த கட்டைப் பார்த்தார்.

"என்னைக் கடிச்சதுக்கு முதுகுல ஒன்னும் இல்லியேக்கா. வெறும் செவல."

"செவல ரெண்டு கீது தம்பி. ஒன்னு அந்த வண்டிய பாத்து ஓடி, ஊசி போட்டுக்காம தப்பிச்சிகிச்சு."

"அது இப்ப எங்க?"

"அத்த நாலு நாளா காணோம்."

அடுத்தது ஆஸ்பத்திரி ஸ்டாப்பிங். பஸ் நிற்பதற்குள் அவர் எழுந்து, நொண்டியபடி படிக்கட்டுக்குப் போய்விட்டார். பாக்கெட் அவர் கையிலேயே இருந்தது.

"பிஸ்கட்ட குடுத்துட்டுப் போ தம்பி," என்றார் அந்த அம்மா. "பச்ச பெயிண்ட் செவலைக்குப் போடறேன். அது உன்ன கடிக்கவே இல்லியே."