உயரமான பெண்ணுக்காகத் தோற்ற டீம்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல். ஐந்தாவதோடு நின்றவன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரத்தில் ஏறிய இரண்டு பெண்கள், திண்டிவனம் பஸ்ஸில் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். மூத்தவளின் மகள் ஆடும் பாஸ்கெட்பால் டீம் இந்த வருஷம் கடைசியாக வந்ததாம். கடைசி டீமுக்குத்தான் புதுப் பெண்களில் முதல் ஆளை எடுக்கும் உரிமையாம். அவர்கள் எடுத்தது இளையவளின் மகளை.

"என் பொண்ண எடுக்கணும்னே உங்க டீம் தோத்துச்சாமே அக்கா?" என்றாள் இளையவள்.

"எவ சொன்னது? என் பொண்ணு ரெண்டு முட்டியும் தேஞ்சி வந்து நிக்கறா. வேணும்னு தோக்கறவ எதுக்கு வுழுந்து பொரளணும்?"

"கோச்சிக்காதக்கா. நெட்டக்கொக்குன்னு ஊரே சிரிச்சிக்கினு இருந்துச்சு அவள. அவளுக்காக ஒரு டீமே தோத்துச்சுன்னாங்க. பெருமையா இருந்துச்சு."

மூத்தவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"தோத்ததுக்கு அப்புறம், முட்டிக்கு மருந்துகூட போடல, கோச்சுகிட்ட போய் நின்னா என் பொண்ணு. அந்த நெட்டப் பொண்ண வுட்றாதீங்க சார்னு சொன்னது அவதான். இதுக்குப் பெருமைப்படு."

இளையவள் மல்லாட்டைப் பொட்டலத்தை, அதாவது வேர்க்கடலையை, அக்கா மடியில் வைத்தாள்.

"அடுத்த வருசம் தோத்தீங்கன்னா நான் வந்து கேப்பேன்."

"தோத்தீங்க இல்லடி. தோத்தோம்னு சொல்லு."

எழுதியது: ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை.