நம்ம ஆளுங்களுக்கு மட்டும்

மைக்கை அணைச்சுட்டேன் மேடம், அந்தப் பக்கம் கேக்காது. நீங்க தாராளமாக் கேளுங்க. ஆமா, இந்த ஆப்பை நமக்கு விக்க வந்திருக்கிற அந்த மனுஷன் எங்க அத்தான்தான். கூடப் பொறந்த அக்காவைக் கட்டினவர். முன்னாடி அவர் கம்பெனியிலதான் இருந்தேன்.

இப்ப நாம எல்லாரும் ஒரே பக்கத்துல சேர்ந்து எழுதுறோம்ல? ஆளுக்கொரு கலர்ல அம்பு ஓடுது, ஒருத்தர் திருத்தினா அடுத்தவருக்கு அப்பவே தெரியுது. அந்த அம்பு, எழுதுற பெட்டி, பட்டன் எல்லாம் நான் செஞ்சது. ரெடிமேட் ஜன்னல் மாதிரி, ஒரு தடவை செஞ்சு வெச்சா எந்த ஆப்புலயும் எடுத்து மாட்டிக்கலாம். அத்தனையையும் தான் செஞ்சதா மேடை ஏறிச் சொன்னார் மேடம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சார். நான் காபி எடுத்துக் குடுக்க வந்தவளாம்! ஏன்னு கேட்டதுக்கு வெளிய அனுப்பிட்டார். அக்காவும் அவர் பேச்சைக் கேட்டுக்கிட்டு, பொறாமைக்காரி, என் வீட்டுப் படி ஏறாதேன்னுட்டா. வயிறு எரியாம இருக்குமா? இன்னும் எரியுது.

இருங்க, விஷயத்துக்கு வரேன். ஒவ்வொரு பெட்டியோட கோடிங்குக்கு மேலயும் என் பேரைப் போட்டு, கூடவே எச்சரிக்கையும் எழுதி வெச்சிருந்தேன். இதுல அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் உடனே எல்லார் மெஷினுக்கும் போகும், ரகசியத்துக்கு எடுக்காதீங்கன்னு. என் பேர் கண்ணுல படக் கூடாதுன்னு அவர் அந்த வரிகளை மொத்தமா வழிச்சுப் போட்டுட்டார். எச்சரிக்கையும் சேர்ந்து போச்சு. இப்ப அதே பெட்டிக்கு நம்ம ஆளுங்களுக்கு மட்டும்னு பேர் வெச்சு, அவரும் அவர் ஆளுங்களும் அவங்களுக்குள்ள குசுகுசுன்னு எழுதிக்கிறாங்க. நம்ம ஸ்கிரீன்ல மறைச்சிருக்காங்களே தவிர, எழுத்து வந்துக்கிட்டேதான் இருக்கு. இந்தாங்க, தொறந்துட்டேன். பாருங்க.

ம்... முதல் வரி, பாதுகாப்பு டெஸ்ட் பண்ணாட்டியும் முடிஞ்சதுன்னு சொல்லிடு, அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. அது நீங்கதான் மேடம். அடுத்த வரி, என் மச்சினிச்சி உக்காந்திருக்கா, உஷார், எல்லாம் அவ செஞ்சது, நோண்டினா மாட்டிக்குவோம். தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க?

ஆமா, இவரைக் கூப்பிடலாம்னு உங்ககிட்டச் சொன்னதும் நான்தான். நான் வாயால சொன்னா யார் நம்பப்போறாங்க? அவரே எழுதிக் காட்டட்டும்னுதான்.

எது, விருந்தாளின்னு பேர் போட்டு ஒருத்தர் உள்ள இருக்காங்களா? ஓ, அதுவா. நான்தான் லிங்க் அனுப்பினேன். எங்க அக்கா. பெட்டியை எப்படித் தொறக்கிறதுன்னும் சொல்லிக் குடுத்துட்டேன். அப்பலேருந்து படிச்சிட்டுத்தான் இருக்கா.