நகத்தளவு கார்டு

"ஹலோ... ஆமா, ரேடியோ அக்கா கடைதான்... யாரு... மாப்பிள்ளையா? சொல்லுங்க... கேக்குது, கேக்குது. கத்தாதீங்க, என் காது நல்லாத்தான் இருக்கு."

ரேடியோ அக்கா போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கையில் இருந்த வேலையைத் தொடர்ந்தாள். பாட்டுக் கேட்கிற கையடக்கப் பிளேயர் எது மக்கர் பண்ணினாலும் அந்த வட்டாரத்தில் அவளுடைய மேசைக்குத்தான் வரும். சரி பண்ணிக் கொடுப்பாள், சந்தேகமில்லை. ஆனால் நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் யாரும் பொருளோடு திரும்பியது கிடையாது. போனில் இருப்பவர் அவளுடைய தங்கையின் கணவர், ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. இன்னும் அவள் "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டால் அந்த மரியாதையில் பாதி கேலியாகத்தான் இருக்கும்.

"என்னது... புதுசா பிளேயர் வாங்கணுமா? நீங்களா? ... ம்... ம்... எதுல பாட்ட வச்சுக்கறது நல்லதுன்னு கேக்கறீங்க... ஆமா, நாலு வகை இருக்கு. யாரு சொன்னா? ... ஓ, பக்கத்து சீட்டுக்காரரா. பெரிய விஞ்ஞானி. அப்ப அவரையே கேட்டிருக்கலாமே... சரி, சரி, கோச்சுக்காதீங்க. சொல்றேன். பேனா இருக்கா?"

சொல்லிக் கொடுப்பதில் அவளுக்கு ஒரு சுகம் உண்டு. அதுவும் தெரியாதவர் என்று தெரிந்தவருக்குச் சொல்வதில் ரெட்டிப்புச் சுகம்.

"மொதல்ல எம்பி3 சிடி. ஒரு தட்டுல நூத்தம்பது பாட்டு கொள்ளும். மேடு பள்ளத்துல கால் வச்சா துள்ளும். நீங்க நடக்கற நடைக்குப் பல்லவி தாண்டாது... ஆமா, ஆமா, அத விட்டுருங்க. ரெண்டாவது, உள்ளுக்குள்ளயே மெமரி சிப் இருக்கறது. மாடியில இருந்து போட்டாலும் பாடும். ஆனா ஐநூறு பாட்டோட வயிறு நெறஞ்சிரும். அப்புறம் ஒண்ண அழிச்சாத்தான் ஒண்ணு... மூணாவதா? மூணாவது கார்டு. அதப் பத்தி என் வாயக் கிளறாதீங்க."

கிளறாவிட்டாலும் வரும் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியும்.

"நகத்தளவு இருக்கும். தும்முனா பறந்துரும். சட்டைப் பையில கெடந்து சலவைக்குப் போன கார்டு மட்டும் என் டப்பாவுல பத்து இருக்கு. அத நம்பி ஒருத்தர் வாழ்நாள் பாட்டப் போட்டு வக்கிறாருன்னா, அவரு நகத்த வெட்டறப்ப விரலையும் சேத்து வெட்டறவரு... என்ன... சிரிக்கறீங்களா, இருமறீங்களா? ... சரி. நாலாவது ஹார்ட் டிஸ்க். அதான் வீடு. மத்ததெல்லாம் பஸ் சீட்டு, எறங்கறப்ப விட்டுட்டுப் போறது. இருபதாயிரம் பாட்டு, ஒரு மூலையில கெடக்கும்... இருங்க. உங்க வீட்லதான் ஒண்ணு இருக்கே. பாப்பாவுக்கு நான் என் கையால டிஸ்க் மாத்திக் குடுத்தது. அது இருக்கறப்ப புதுசு எதுக்கு?"

"ஹலோ... மாப்பிள்ளை... லைன்ல இருக்கீங்களா?"

"என்ன சத்தம்? ... எப்படி வருது, வாயால போட்டுக் காட்டுங்க... டிக், டிக். அப்புறம்? ... அப்புறமும் டிக், டிக். பாட்டு வரல."

அவள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் தெரியாத ரிப்பேர்க்காரர் உலகத்தில் கிடையாது.

"கீழ போட்டீங்களா? ... சத்தியமா இல்ல. தண்ணியில? ... அதுவும் இல்ல. அப்ப என்னதான் பண்ணித் தொலைச்சீங்க? ... ஓடறீங்களா? எங்க ஓடறீங்க, யாரு துரத்தறா? ... ஓ, சர்க்கரைக்கு டாக்டர் ஓடச் சொன்னாரு. ஓடுங்க, நல்ல விஷயம். அதுக்கும் இதுக்கும்... கையிலயா? கையில கட்டிக்கிட்டா? ... எத்தன நாளா? ... ரெண்டு வாரமா."

கோபம் வரும் என்று மாப்பிள்ளை எதிர்பார்த்திருப்பார். வந்தது அதைவிட மோசமானது. அவள் குரலை இறக்கிக்கொண்டாள்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் கேளுங்க. அதுக்குள்ள ஒரு தட்டு நிமிஷத்துக்கு நாலாயிரத்து இருநூறு சுத்து சுத்துது. அது மேல ஒரு முனை பறக்குது. நடுவுல முடி கூட நொழையாது. தட்ட அது தொடாது, தொடவும் கூடாது. அத நீங்க முழங்கைக்கு மேல கட்டிக்கிட்டு ரெண்டு வாரமா தொம்மு தொம்முன்னு குதிச்சிருக்கீங்க. குரங்கு கையில பூமாலை கெடச்சா ஒரு நிமிஷத்துல பிச்சுப் போட்டுட்டு அடுத்த வேலையப் பாக்கும். நீங்க ரெண்டு வாரம் நிதானமா, வேளா வேளைக்கு பிச்சிருக்கீங்க... என்கிட்ட எதுக்கு மன்னிப்பு, அந்தத் தட்டுகிட்ட கேளுங்க."

"...ஆமா... ஆமா... தெரியாமதான். உங்களுக்கு என்னதான் தெரியும், தெரியாமதான் பண்ணியிருப்பீங்க... அட, என்ன இது? அழறீங்களா? ஆபீஸ்ல இருந்தா பேசறீங்க? ... வீட்ல இருந்தா. லீவு போட்டுட்டு அழறீங்களா? இருபதாயிரம் பாட்டும் திரும்பக் கெடைக்கும், மாப்பிள்ளை. எல்லாம் ஊர்ல இருக்கற பாட்டுதான்... எது கெடைக்காது? ... எந்தப் பாட்டு?"

"பாப்பா பாடினதா? இன்னுமா அனுப்பல?"

பாப்பா என்றால் தங்கையின் ஒரே மகள். பதினேழு வயது. இசைக் கல்லூரியில் சேர விண்ணப்பத்தோடு, சொந்தக் குரலில் பாடிய பதிவு ஒன்றை அனுப்பியாக வேண்டும். சேர்க்கை வருஷத்துக்கு ஒருமுறைதான். அந்தப் பெண்ணுக்குத் தொண்டையில் ஒரு சிறு கட்டி. அதை எடுத்துவிட்டால் ஒரு மாதம் பேசவே கூடாது, ஆறு மாதம் பாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே ஆபரேஷனுக்கு முந்தின நாள், இரவல் வாங்கிய ஒரு ரெக்கார்டரில், இருபத்து மூன்று நிமிஷம் பாடிப் பதிவு செய்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆபரேஷன் முடிந்து இன்றோடு பதினாறு நாள்.

"இன்னிக்குத்தானா கடைசி? ... அஞ்சு மணிக்கா? எதுக்குக் கடைசி நாள் வரைக்கும்... சர்டிபிகேட் நேத்துதான் கெடச்சுதா. ஆமா, உங்க ஆபீஸ்தானே குடுக்கணும், எப்படி முன்னாடி கெடைக்கும்... இல்ல, மாப்பிள்ளை. கொண்டு வந்தாலும் பிரயோஜனம் இல்ல. அந்த முனை தட்ட ஒரசி எடுத்திருக்கும். பெரிய லேப்ல குடுத்தாலும் மாசக்கணக்காகும். இப்ப மணி ரெண்டே கால்... என் கம்ப்யூட்டர்லயா? இல்ல. வந்தவங்க சரக்க நான் என் மிஷின்ல வச்சுக்கறதில்ல. மாத்திக் குடுத்ததும் அழிச்சிருவேன். அது என் பழக்கம்."

"...ஆமா, நீங்கதான் காரணம். நான் வேற யாரச் சொல்றது? ... யாரு பின்னாடி சத்தம் போடறது? தங்கச்சியா? ... என்ன சொல்றா? ... கண்ணு முன்னால நிக்காதேன்னா? நல்லா கேக்கட்டும் உங்கள. படிச்ச மனுஷன் பண்ற வேலையா இது. பெத்த பொண்ணோட ஒரு வருஷத்தக் கையில கட்டிக்கிட்டு... என்ன? பாப்பா என்னமோ எழுதிக் காட்டறாளா? படிங்க."

"கார்டா? எந்த... ரெக்கார்டர்ல இருந்த கார்டா?"

"என்கிட்டயா?"

அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் போகிற வழியில் தங்கையோடு பாப்பா கடைக்கு வந்தாள். பதிவை இவள்தான் பாப்பாவின் பிளேயரில் இருந்த டிஸ்க்குக்கு மாற்றிக் கொடுத்தாள். கார்டு மட்டும் என்கிட்ட இருக்கட்டும் பெரியம்மா, என்று அந்தப் பெண் கேட்டாள். ஒரே பாட்டை ரெண்டு இடத்தில் வைத்துக்கொள்வது பயந்தாங்கொள்ளி வேலை, நான் போட்ட டிஸ்க் மேலே உனக்கு நம்பிக்கை இல்லையா என்று இவள் கேட்டாள். நம்பிக்கை இல்லை என்று பெரியம்மாவிடம் யார் சொல்வார்கள்? பாப்பா விரலை விரித்தாள். இவள் கார்டை எடுத்து டப்பாவில் போட்டாள்.

"இருங்க... இருங்க, மாப்பிள்ளை. வச்சுராதீங்க."

டப்பாவை மேசையில் கவிழ்த்தாள். கறுப்பு, நீலம், முனை உடைந்தது, சலவைக்குப் போனது. பாப்பாவின் கார்டில் பச்சை நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்திருக்கும். அது டப்பாவில் இல்லை. காலையிலிருந்து அவள் சோதித்துக்கொண்டிருந்த பிளேயருக்குள்ளேயே இருந்தது.

ரிப்பேரான பிளேயரைச் சோதிக்க அவளுக்கென்று ஒரு முறை உண்டு. ஒரு கார்டைச் சுத்தமாக அழித்துவிட்டு, ஒரே பாட்டை அது இடம் இல்லை என்று சொல்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப ஏற்றுவாள். கடைசிப் பாட்டு வரை பிளேயர் பாடினால்தான் பாஸ். சும்மா அழித்த கார்டு என்றால் தோண்டி எடுத்துவிடலாம். விளிம்பு வரை நிரப்பிய கார்டில் தோண்ட ஒன்றும் கிடையாது. இந்தக் கார்டை அவள் இதுவரை ஒன்பது தடவை நிரப்பியிருந்தாள்.

"...ம்... இருக்கேன்... பாத்தேன். கார்டு இருக்கு... இல்ல, மாப்பிள்ளை, சந்தோஷப்படாதீங்க. கொஞ்சம் இருங்க. கார்டுன்னாலே இப்படித்தான். நான் அப்பவே சொன்னேன்ல, அத நம்பவே..."

அந்த வாக்கியத்தை முடித்திருந்தால் போதும். கார்டு கெட்டுப்போய்விட்டது என்று ஒரு வார்த்தை. பழி முழுவதையும் மாப்பிள்ளை தலையில் ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது, அவரும் இறக்கி வைக்காமல் சுமந்துகொண்டு நிற்கிறார். போனில் அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. இத்தனை வருஷமாக ஊரில் உள்ளவர்களை எல்லாம் ஏளனம் பண்ணிய வாய், இப்போது பொய் சொல்லக் கூசாமல் பாதி தூரம் போய்விட்டிருந்தது.

"மாப்பிள்ளை... போன பாப்பாகிட்ட குடுங்க... பேசக் கூடாதுன்னு தெரியும். கேக்கலாம்ல? குடுங்க... உங்ககிட்ட அப்புறம் பேசறேன். நெறைய பேசணும். இப்ப குடுங்க."

"பாப்பா... பெரியம்மா பேசறேன். வாயத் தொறக்காத. போன் மேல விரலால தட்டு. ஒண்ணுன்னா ஆமா, ரெண்டுன்னா இல்ல. சரியா?"

"...ஒண்ணு. நல்ல பொண்ணு."

"கார்டு என்கிட்டதான் இருக்கு. உன் பாட்டு அதுல இல்ல. நான் அழிச்சுட்டேன்... சும்மா அழிக்கல. கடை வேலைக்கு எடுத்து, திரும்பத் திரும்ப நெரப்பி அழிச்சுட்டேன். உன் கார்டுதான்னு கூட பாக்கல... எடுக்க முடியாது. பொய் சொல்ல மாட்டேன், எடுக்கவே முடியாது."

பாவம், அழுவதென்றாலும் அந்தத் தொண்டை சத்தமில்லாமல்தான் அழ வேண்டும்.

"உங்கப்பா பண்ணது தெரியாத்தனம். டிஸ்க் குதிச்சா செத்துரும்னு அந்த மனுஷனுக்கு யாரும் சொல்லல. நானும் சொல்லல. எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுகிட்டேதான் உன் கையில இருந்து பிடுங்குனேன். நீ கேட்ட, வச்சுக்கறேன்னு. நான் குடுக்கல. தப்பு என்னோடது... கேக்குதா?"

"...ஒண்ணு."

"அப்பா மேல கோவமா?"

"...ஒண்ணு. சரி, இருக்கும்... நான் இப்ப சொன்னதுக்கு அப்புறமும் அதே அளவு இருக்கா?"

"...ஒண்ணு, ரெண்டு. சரி. இல்ல. சரி கண்ணு, அது போதும். அம்மாகிட்டயும் நானே சொல்றேன்... காலேஜுக்கு நான் இப்பவே கெளம்பிப் போகட்டுமா? அஞ்சு மணிக்குள்ள போயிருவேன். நடந்தத சொல்லி, கால்லயே விழறேன்."

"...ரெண்டு. வேண்டாமா. சரிதான், பாட்டு இல்லாம அவங்க என்ன பண்ணுவாங்க."

கடை வாசலில் ஒருவர் பழுதான பிளேயரோடு வந்து நின்றார். அவள் கையைக் காட்டி அப்புறம் வரச் சொன்னாள். அந்த மனிதர் ஒரு பேச்சும் வாங்காமல் திரும்பிப் போவது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"பாப்பா... ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அதுக்கு மேல தொந்தரவு பண்ண மாட்டேன். தொண்டை ஆறி, பேசலாம்னு டாக்டர் சொன்னதுக்கு அப்புறம்... என்கிட்ட பேசுவியா?"

ஒரு தட்டு கேட்டது. அவள் பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மூடின கண்ணோடு இரண்டாவது தட்டையும் கேட்டாள். லைன் கட்டாகிவிட்டது.